அஞ்செட்டி எல்லை வரை வந்த வெலிங்டன்... உங்க மழை பூட்ஸுக்கு அவர் பேர் வந்தது எப்படி?

டிசம்பர் லீவுக்கு மணாலி டிக்கெட் போட்டாச்சு. இல்லைன்னா, மேல்படிப்புக்கு ஜெர்மனியில் சீட் கிடைச்சாச்சு. அதுவும் இல்லையா? அஞ்செட்டியிலிருந்து பைக்கில் ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போற ஆள் நீங்க. ஐப்பசி மழையில் ஷூ நனைஞ்சு நனைஞ்சு வெறுத்துப்போச்சு. எதுவா இருந்தாலும் போனை எடுத்து 'வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ்'னு தேடுறீங்க. வரிசையா வந்து நிக்குற படங்களில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்று இருக்கும். பேர் 'வெலிங்டன்'. நம்ம ஊர்ல கம்பூட்ஸ்னு சொல்றோமே, அதேதான்.

அந்தப் பேர் ஒரு மனிதரோடது. நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகன். 1799-ல் திப்பு சுல்தானை எதிர்த்து வந்த படையோடு உங்க கெலமங்கலம் பக்கமா போனவரும் இவர்தான். இவர் வாழ்க்கை முழுக்க மழை, சேறு, பனி. ஆனா இன்றைக்கு அவர் பேரில் விற்கிற ரப்பர் பூட்ஸை அவர் ஒருநாளும் போட்டதில்லை. அது எப்படின்னு தெரிஞ்சுகிட்டா, உங்க காலுக்கு எது சரிங்கிற கேள்விக்கும் பாதி பதில் கிடைச்சிடும்.

வயலினை எரித்த இளைஞர்

ஆர்தர் 1769-ல் அயர்லாந்தில், பிரபு குடும்பத்தில் பிறந்தார். அப்பா இசையில் பெயர் வாங்கியவர். பையனுக்கும் வயலின் நல்லா வந்தது. படிப்பு மட்டும் வரவில்லை. ஈட்டன் பள்ளியில் அவர் மேல் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. இவனை என்ன செய்யுறதுன்னு வீட்டில் கவலைப்பட்டு, கடைசியில் 1787-ல் ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கிட்டி பேகன்ஹாம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்யக் கேட்டார். வருமானம் இல்லாத இளைய மகனுக்குப் பெண் தர முடியாதென்று அவர் வீட்டில் மறுத்துவிட்டார்கள். 1793-ல் ஆர்தர் தன் வயலினைத் தீயில் போட்டார். இனிமே ராணுவம்தான் வாழ்க்கை என்று முடிவு. அதே ஆண்டு 33-வது காலாட்படையின் லெப்டினன்ட் கர்னல் ஆனார். பதவிகளைக் காசு கொடுத்து வாங்கும் காலம் அது. அண்ணன் பண உதவி செய்தார்.

பதவி வந்தது. போர்க்களம் எப்படி இருக்கும்னு மட்டும் இன்னும் தெரியாது.

ஆறு உறைந்துபோன குளிர்காலம்

1794-ல் பிரெஞ்சுப் படையை எதிர்க்க அவரது ரெஜிமென்ட் ஐரோப்பாவின் தாழ்நிலப் பகுதிக்குப் போனது. இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும். செப்டம்பரில் பாக்ஸ்டெல் என்ற இடத்தில் அவருக்கு முதல் சண்டை. அதன்பின் வால் நதிக்கரையில் மாதக்கணக்கில் காவல். ஒருபக்கம் எதிரி, மறுபக்கம் குளிர். மேலிடத்திலிருந்து வந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. உடை, உணவு, மருத்துவம் எதுவும் ஒழுங்காக வரவில்லை.

அந்த ஆண்டின் குளிரில் நதியே உறைந்துபோனது. படகு தேடாமல் பிரெஞ்சுப் படை பனிக்கட்டி மேல் நடந்தே வந்தது. 1795 ஜனவரியில் பிரிட்டிஷ் படை பனிப்பொழிவுக்கு நடுவே ஜெர்மனி நோக்கிப் பின்வாங்கியது. துப்பாக்கிக் குண்டைவிடக் குளிரிலும் பசியிலும் நோயிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

அப்போது ஆர்தருக்கு 25 வயது. உங்களில் பல பேர் வயது. ஒரு காரியத்தை எப்படிச் செய்யக் கூடாது என்று அங்கேதான் கத்துக்கிட்டதாகப் பின்னாளில் சொல்லிவந்தார்.

ஈரமும் குளிரும் சேர்ந்தால் காலுக்கு என்ன ஆகும்? உலர்ந்த காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். நனைந்த சாக்ஸோடு மணிக்கணக்கில் இருந்தால் ரத்த ஓட்டம் குறையும். தோல் வெளுத்து மரத்துப்போகும், அப்புறம் வீங்கும், கடைசியில் சதையே அழுகலாம். இதற்கு 'டிரெஞ்ச் ஃபுட்' என்ற பேர் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில்தான் வந்தது. இது வர வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகணும்னு அவசியமே இல்லை. நல்ல குளிரில் நாள் முழுக்க ஈரத்தில் நின்றாலே போதும்.

ராயக்கோட்டை வழியே ஒரு நகரும் ஊர்

1797 பிப்ரவரியில் ஆர்தர் கல்கத்தா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு அவர் அண்ணன் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரல் ஆனார். திப்புவோடு நான்காவது மைசூர்ப் போர் உறுதியாகிவிட்டது. வேலூர் பக்கம் படை கூடியது. வால் நதிக்கரைப் பாடத்தை ஆர்தர் அங்கே கையிலெடுத்தார். எத்தனை வண்டி மாடு, எத்தனை மூட்டை அரிசி, யார் சுமப்பது, எங்கே இறக்குவது என்று கணக்குப் போடுவதிலேயே பல வாரங்கள் போயின.

1792 ஒப்பந்தத்தில் பாராமகால் கம்பெனி கைக்குப் போயிருந்தது. இன்றைய கிருஷ்ணகிரி பகுதிதான் அது. ராயக்கோட்டைதான் எல்லை. 1799 மார்ச் 5 அன்று ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் படை அந்த எல்லையைத் தாண்டியது. எல்லையோர மலைக்கோட்டைகளை முதலில் பிடித்தார்கள். அதில் அஞ்செட்டி துர்க்கமும் ஒன்று. பிறகு கெலமங்கலம், ஆனேக்கல் என்று மேற்கே நகர்ந்தார்கள். நிஜாம் அனுப்பிய படைக்குப் பொறுப்பு ஆர்தர். சிப்பாய்கள் மட்டும் போகவில்லை. சமையல்காரர், குதிரைக்காரர், தானியம் சுமந்த லம்பாடிகள், குடும்பங்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஒரு நகரமே எழுந்து நடந்த மாதிரி.

அது மாசிக் கடைசி. மழை இல்லை, வெயில். தீவனம் கிடைக்காமல் மாடுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. இங்கே நடந்தவர்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டவர்களும் இல்லை. கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் பலர் நடந்தது செருப்பில். மாட்டுக்காரர்கள் வெறுங்காலில். வரலாற்றுப் புத்தகங்களில் தளபதியின் பேர் இருக்கு. அந்தக் கால்களுக்குப் பேர் இல்லை.

உங்களுக்குத் தெரிஞ்ச காவிரிதான் அந்தப் போரின் கடிகாரம். பருவமழை வந்து ஆறு பெருகிவிட்டால் தீவுக்கோட்டையான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்க முடியாது. திப்பு அந்த வெள்ளத்துக்காகக் காத்திருந்தார். கம்பெனிப் படைக்கோ அதற்குமுன் முடித்தாக வேண்டிய அவசரம். கோடையில் நீர் குறைந்திருந்த மே 4 அன்று, பாறைகள் நிறைந்த ஆற்றில் இறங்கிக் கடந்து கோட்டையைத் தாக்கினார்கள். திப்பு சண்டையிலேயே உயிர்விட்டார். உள்ளே நடந்த சூறையாடலை அடக்கும் பொறுப்பு ஆர்தரிடம் வந்தது. கொள்ளையடித்தவர்களில் சிலரைத் தூக்கிலிட்டுத்தான் அவரால் அதை நிறுத்த முடிந்தது.

இருட்டில் ஒரு தோப்பு

அதற்கு ஒரு மாதம் முன்பு அவருக்கு ஒரு பெரிய சறுக்கல். ஏப்ரல் 5 இரவு, கோட்டைக்கு அருகே சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு. பகலில் இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. உள்ளே மரங்களும் மூங்கிலும் பாசனக் கால்வாய்களும். கும்மிருட்டில் வழி தப்பியது. திப்புவின் ஆட்கள் சுட்டார்கள். ஆர்தர் முழங்காலில் லேசாக அடிபட்டுத் திரும்பினார். அவர் படையிலிருந்து 12 பேர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் அதே தோப்பு சுலபமாக வசமானது. அன்றோடு ஒரு முடிவெடுத்தார். எதிரி நிலைகொண்ட இடத்தைப் பகலில் பார்க்காமல் இரவில் தாக்குவதில்லை.

பூட்ஸ் வாங்கும்போதும் முதல் வேலை அதுதான். போகப் போற தரையைப் பாருங்க. தேங்கின தண்ணியா, தூறலா, சேறா, பனிக்கட்டியா? இதுக்குப் பதில் தெரியாம பிராண்டைத் தேடுறது, இருட்டுல தோப்புக்குள்ள நுழையுற கதைதான்.

ஸ்பெயின் மழை, வாட்டர்லூ சேறு

1805-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டு அதே கிட்டியைக் கல்யாணம் செய்தார். 1808-லிருந்து போர்ச்சுகல், ஸ்பெயின் களங்களில் நெப்போலியனின் தளபதிகளோடு ஆறு ஆண்டுகள் மல்லுக்கட்டினார். 1812-ல் புர்கோஸ் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியபோது விடாத மழை. உணவு வண்டிகள் வேறு பாதையில் போய்விட்டன. சேறு ஷூக்களைக் காலிலிருந்து உறிஞ்சிக்கொண்டது. பல பேர் வெறுங்காலோடு நடந்தார்கள். எவ்வளவு திட்டம் போட்டாலும் மழை எங்கே அடிக்கும் என்று அவருக்கே மறுபடி புரிந்த தருணம் அது.

போர்வீரனுக்கு முதலில் தேவை நல்ல ஷூ, இரண்டாவது மாற்றுக்கு இன்னொரு ஜோடி, மூன்றாவது ஒட்டிக்கொள்ள உதிரி அடிப்பாகம் என்று அவர் சொன்னதாக ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. கதையோ நிஜமோ, அவர் பட்டபாடுக்குப் பொருந்துகிற பேச்சு.

1815 ஜூன் 17 இரவு வாட்டர்லூவில் கொட்டித் தீர்த்தது. சேற்றில் பீரங்கிகளை நகர்த்த முடியாமல், தரை கொஞ்சம் காயட்டும் என்று நெப்போலியன் மறுநாள் தாக்குதலைத் தள்ளிப்போட்டார். அந்தத் தாமதம் பிரஷ்யப் படை வந்துசேர நேரம் கொடுத்தது. வெலிங்டன் ஜெயித்தார்.

செருப்புக் கடைக்காரருக்கு ஒரு கடிதம்

இப்போ பூட்ஸுக்கு வருவோம். அந்தக் காலத்து அதிகாரிகள் போட்டது 'ஹெஸ்ஸியன்' பூட்ஸ். மேல்விளிம்பு வளைவாக வெட்டியிருக்கும், முன்னால் குஞ்சம் தொங்கும். இறுக்கமான அரைக்கால் சட்டைக்கு அது அழகு. ஃபேஷன் மாறி முழுக்கால் சட்டை வந்ததும் குஞ்சமும் கரைவேலையும் துணிக்குள் அடங்காமல் துருத்தின.

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹோபி என்ற பூட்ஸ் தயாரிப்பாளர் இருந்தார். அவரிடம் வெலிங்டன் மாற்றம் கேட்டார். குஞ்சம் வேண்டாம், கரைவேலை வேண்டாம். மென்மையான கன்றுத்தோலில், காலை ஒட்டி, குட்டையான குதிகாலோடு வேண்டும். குதிரைமேல் உட்காரவும் வசதி, அப்படியே மாலை விருந்துக்குப் போகவும் பொருத்தம். 1815-ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அவர் ஹோபிக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. போன தடவை அனுப்பியது கெண்டைக்கால் பக்கம் இறுக்கம், திருத்தி இன்னும் இரண்டு ஜோடி அனுப்பச் சொல்கிறார். நெப்போலியன் தப்பி வந்து ஐரோப்பாவே பதறிய நேரத்தில், அளவு சரியில்லாத பூட்ஸை அவர் சகித்துக்கொள்ளவில்லை.

வாட்டர்லூ ஹீரோ போட்டதை லண்டன் இளைஞர்கள் எல்லாம் போட ஆசைப்பட்டார்கள். இன்றைக்கு ஒரு நடிகர் போட்ட ஷூ ரீல்ஸில் பரவுற மாதிரி 'வெலிங்டன்' பரவியது. அது தோல் பூட்ஸ். மெழுகு தேய்த்தால் ஓரளவு மழை தாங்கும். அவ்வளவுதான்.

அவர் இரண்டு முறை பிரதமராக இருந்தார். 1829-ல் கத்தோலிக்கர்களுக்குப் பாராளுமன்ற உரிமை கொடுத்தார். தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்ததால் 1831-ல் கோபமான கூட்டம் அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தது. அவர் இரும்புக் கதவு போட்டுக்கொண்டார். 1852 செப்டம்பர் 14 அன்று வால்மர் கோட்டையில், 83 வயதில் இறந்தார். அவரது பூட்ஸ் ஒரு ஜோடியை இன்றும் அங்கே பார்க்கலாம். நம்ம நீலகிரியில் குன்னூர் பக்கத்து ஜக்கதளா ராணுவக் குடியிருப்புக்கு 1860-ல் வைத்த பேரும் இவர் பேர்தான்.

செத்த பிறகு வந்த ரப்பர்

இயற்கை ரப்பருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து உடையும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலைத்து நிற்கும் என்று அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். அந்த உரிமையைக் காலணிக்காக வாங்கிய ஹிராம் ஹட்சின்சன், 1853-ல் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். வெலிங்டன் இறந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. 1856-ல் ஸ்காட்லாந்தில் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி வந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழி வீரர்களுக்காக இந்த நிறுவனம் செய்த ரப்பர் பூட்ஸ் 11 லட்சம் ஜோடிக்கு மேல். கோமகனின் தோல் பூட்ஸ் வடிவமும் பேரும் ரப்பருக்கு மாறி, கடைசியில் விவசாயி காலுக்கு வந்து சேர்ந்தது.

சரி, நீங்க எதை வாங்கலாம்?

*தேங்கின தண்ணி, வயல், மாட்டுக்கொட்டகை, ரோஜாக் குடில்:* கம்பூட்ஸ்தான். விளிம்பு வரை ஒரு சொட்டு உள்ளே போகாது. எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிற அழுக்குத் தண்ணியிலிருந்தும் காப்பாத்தும். பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழும்ங்கிறதால, காட்டோர நிலத்தில் வேலை செய்யுற அப்பா அம்மாவுக்கு இது நல்ல பரிசு. ஆனா வேர்வை வெளியே போகாது, உள்ளிருந்தே நனையும். ஒரு எச்சரிக்கை: கம்பூட்ஸோட ஓடுற காட்டாற்றில் இறங்காதீங்க. உள்ளே தண்ணி நிரம்பினா காலைத் தூக்கவே முடியாது.

*பைக்கில் ஷிஃப்ட், மலைநடை, விட்டுவிட்டுப் பெய்யும் மழை:* உள்ளே நுண்துளைப் படலம் வைத்த பூட்ஸ் பாருங்க. 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்த கோர்டெக்ஸ் இந்த ரகத்தில் பிரபலம். தண்ணீர்த் துளி உள்ளே வராது, வேர்வை ஆவி வெளியே போகும். நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருக்கான்னு பிரித்துப் பாருங்க. தனியா தொங்கினா அந்த வழியா மழை நுழையும். லேபிளில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு இருந்தா தூறல் தாங்கும் அவ்வளவுதான். 'வாட்டர்ப்ரூஃப்' வேற.

*பனிப்பொழிவு:* இங்கே தண்ணி தடுப்பது மட்டும் போதாது, சூடும் நிக்கணும். சாதாரண கம்பூட்ஸ் பனியில் வேலைக்கு ஆகாது. சூடு தாங்காது, பிவிசி ரகம்னா குளிரில் விறைத்து வழுக்கும். உள்ளே கம்பளி அல்லது வெப்பம் காக்கும் படலம், கணுக்காலுக்கு மேல் உயரம், அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள மென்ரப்பர், இதெல்லாம் இருக்கணும். நாலு நாள் மணாலிக்குன்னா வாங்கவே வேண்டாம். பனிக்குப் போற வழியில் வாடகைக்கே கிடைக்கும். ஜெர்மனி, கனடா போறவங்க அங்கே போய் வாங்குறது புத்திசாலித்தனம். அந்த ஊர்த் தரையை அந்த ஊர்க் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

*அளவு:* சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்க, அப்போதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எந்த சாக்ஸோட போடுவீங்களோ அதையே எடுத்துட்டுப் போங்க. பனிக்குன்னா கம்பளி சாக்ஸ். பருத்தி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். விரல்கள் உள்ளே அசையணும். இறுக்கினா ரத்தம் ஓடாது, எவ்வளவு விலையா இருந்தாலும் கால் விறைக்கும். கெண்டைக்கால் பிடிக்குதுன்னா கூச்சப்படாம மாத்திக் கேளுங்க. வாட்டர்லூவுக்கு முன்னாடி அவரே கேட்டார்.

*காய வைக்கிறது:* உள்அட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிச்சு, நிழல்ல வைங்க. அடுப்புப் பக்கமோ சைலன்ஸர் மேலயோ வெச்சா தோல் வெடிக்கும், பசை விடும். பையில் மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி எப்பவும் இருக்கட்டும். பூட்ஸ் தோத்துப்போற நாளில் அதுதான் உங்க காலைக் காப்பாத்தும்.